கழிவில் விளையும் சவுக்காரம்

நெசவாளருக்கும் பயிரிடுவோருக்கும் பொதுவான தேவைகள் சில உண்டு. அவற்றுள் தண்ணீர் முதலாவது. அடுத்ததைச் சொல்லப் புகுந்தால், சவுக்காரத்தைச் சொல்ல வேண்டியிருக்கும். நூலை நனைப்பதற்கும், பட்டின் பசையைப் போக்குவதற்கும், சாயம் திட்டுத்திட்டாகப் படியாமல் சீராகப் பற்றுவதற்கும் நெசவாளருக்கு அது வேண்டும். வேப்பெண்ணெயைத் தண்ணீருடன் கலப்பதற்கும், தெளித்த மருந்து இலையில் முத்துமுத்தாக நின்று உருண்டு விழாமல் பரவுவதற்கும் உழவருக்கு அது வேண்டும்.

இந்தச் சவுக்காரத்தின் வேலையைச் செய்யவல்ல பொருள்களை நுண்ணுயிர்களைக் கொண்டு, அதுவும் ஆலைக் கழிவுகளிலிருந்தே உண்டாக்கலாம் என்ற செய்தி இப்பொழுது பரவலாகப் பேசப்படுகிறது. சங்கத்தின் பணத்தை இத்தகைய தொழிலில் ஈடுபடுத்தலாமா என்று கேட்போரும் உளர். வினா நியாயமானதே. எனினும், விடை சொல்லுமுன் பொருளைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் முறையாகும். பங்குத்தொகை என்பது அங்கத்தினரின் உழைப்பு. அதை இடுமிடம் அறிந்து இட வேண்டும். ஆகவே, இத்தொழிலில் மெய்யாக உள்ளது யாது, இன்னும் கைகூடாதது யாது என்பதை இங்கு விளக்க முற்படுகிறோம்.

சவுக்காரம் என்ன செய்கிறது?

தண்ணீரின் மேற்புறம் இழுத்துக் கட்டிய மெல்லிய தோல்போல நடந்துகொள்கிறது. இதைப் பரப்பு இழுவிசை என்பர். தாமரை இலைமேல் நீர் ஒட்டாமல் உருள்வதற்கு இலையின் மெழுகுடன் இவ்விசையும் காரணம். வேகவைக்காத பருத்தி நூற்சிட்டம் ஒன்றைத் தொட்டியில் இட்டால் அது நனையாமல் நெடுநேரம் மிதப்பதை நெசவாளர் அறிவர். நூலின் இயற்கை மெழுகைத் தாண்டி நீர் உள்ளே புக இயலவில்லை என்பதே அதன் பொருள்.

சவுக்காரத்தின் ஒவ்வோர் அணுத்திரளுக்கும் இருமுனை உண்டு. ஒரு முனை நீரை விரும்புவது. மறுமுனை எண்ணெயை விரும்புவது. ஆதலால் அது நீரும் எண்ணெயும் சந்திக்கும் எல்லையில் போய் நின்றுகொண்டு, இரண்டையும் இணக்கி வைக்கிறது. நீரின் இழுவிசை தளர்கிறது, நூல் நனைகிறது, அழுக்கு எண்ணெய் சிறு துளிகளாகப் பிரிந்து நீரோடு போகிறது.

இதனை எண்ணாலும் அளக்கலாம். தூய நீரின் பரப்பு இழுவிசை ஒரு மீட்டருக்குச் சுமார் 72 மில்லிநியூட்டன். நல்ல நுண்ணுயிர்ப் பொருள் ஒன்றைச் சிறிதளவு கலந்தால் அது 27 அளவிற்குக் குறைந்துவிடுகிறது. இவ்வாறு இழுவிசையைக் குறைக்கும் பொருள்களை விஞ்ஞானிகள் சர்ஃபாக்டன்ட் என்றும், உயிர்கள் உண்டாக்குபவற்றைப் பயோசர்ஃபாக்டன்ட் என்றும் அழைக்கின்றனர். எளிமை கருதி நாம் பின்னதை உயிர்ச் சவுக்காரம் என்போம். கொழுப்பையும் காரத்தையும் சேர்த்துக் காய்ச்சும் சவுக்காரம் வேறு, இது வேறு; செய்யும் தொழில்தான் ஒன்று.

பழைய வழிகள்

நம் முன்னோர் சீயக்காயையும் பூந்திக்கொட்டையையும் பயன்படுத்தினர். அவற்றில் நுரையைத் தருவது சப்போனின் என்னும் பொருள். இன்றும் சிலர் மெல்லிய பட்டைப் பூந்திக்கொட்டை நீரில்தான் அலசுகின்றனர். பின்னர் எண்ணெயும் காரமும் சேர்ந்த சவுக்காரம் வந்தது. அதன் பின்னர் வந்தவை பெட்ரோலிய வழிப்பட்ட சலவைத்தூள்கள். சென்னைக்கு வடக்கே மணலியில் உள்ள தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் நிறுவனம் ஆக்கும் நேரியல் ஆல்கைல் பென்சீன் என்பது இத்தகைய சலவைத்தூளின் மூலப்பொருளே.

இவற்றைக் கண்மூடிப் பழித்தல் தகாது. முதலில் வந்த கிளைத்த அமைப்புடைய சலவைப்பொருள்கள் நீரில் மக்காமல் கிடந்து, 1950களிலும் 1960களிலும் மேல்நாட்டு ஆறுகளில் நுரைமலைகளை எழுப்பின. அதனால்தான் நேரியல் வகைக்கு மாறினர். காற்றோட்டமுள்ள நீரில் இந்த வகை மக்கிவிடும். ஆனால் காற்றற்ற சாக்கடையிலும் ஏரிச்சேற்றிலும் எளிதில் மக்காது. மேலும், இதன் பிறப்பிடம் மண்ணெண்ணெயும் பென்சீனும் ஆகையால், பெட்ரோலியத்தின் விலை ஏறினால் இதன் விலையும் ஏறும்.

நுண்ணுயிருக்கு இதனால் என்ன பயன்?

நாம் துணி வெளுப்பதற்காக நுண்ணுயிர்கள் இதைச் செய்யவில்லை. எண்ணெய்த்துளி ஒன்று அருகில் கிடந்தாலும், அதை உடைத்துக் கரைத்தாலன்றி அவற்றால் உண்ண இயலாது. ஈரம் குறைந்த இடத்தில் வழுக்கிப் பரவவும், வேரிலோ கல்லிலோ ஒட்டவும் விலகவும், போட்டிக்கு வரும் பிற உயிர்களை விரட்டவும் இது அவற்றுக்கு உதவுகிறது. அவை தம் பிழைப்புக்காகச் செய்துகொள்வதை நாம் தொட்டியில் வளர்த்து எடுத்துக்கொள்கிறோம். உறைமோர் இட்டுத் தயிர் ஆக்குவதும், மாவைப் புளிக்கவைத்து இட்டிலி ஆக்குவதும் இதே வகையைச் சேர்ந்தவை.

முக்கியமான மூன்று பொருள்களை அறிந்தால் போதும். முதலாவது ராம்னோலிப்பிட். சூடோமோனஸ் எரூஜினோசா என்னும் பாக்டீரியாவிலிருந்து இது 1949-இல் விவரிக்கப்பட்டது. இரண்டாவது சோஃபரோலிப்பிட். கனடா நாட்டு விஞ்ஞானிகள் 1961-இல் ஒரு வகை ஈஸ்ட்டில் இதைக் கண்டனர். இன்று இதற்கு மிகுதியாகப் பயன்படும் ஈஸ்ட் வண்டுத்தேனிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சர்க்கரையையும் எண்ணெயையும் சேர்த்துக் கொடுத்தால் அது லிட்டருக்கு முந்நூறு கிராமுக்கு மேலும் தரும் என்று ஆய்வுகள் காட்டியுள்ளன. மூன்றாவது சர்ஃபாக்டின். பாசில்லஸ் சப்டிலிஸ் என்னும் பாக்டீரியாவிலிருந்து 1968-இல் ஜப்பானியர் கண்டது. இழுவிசையைக் குறைப்பதில் மூன்றிலும் வலிமையானது இதுவே. விளைச்சலில் குறைந்ததும் இதுவே.

கழிவே மூலப்பொருள்

நமது கூட்டுறவுகளுக்கு இச்செய்தி நெருங்கி வருவது இவ்விடத்தில்தான். நுண்ணுயிர் உண்பது சர்க்கரை, மாவு, எண்ணெய், பாலின் சத்து ஆகியவற்றையே. இவற்றின் கழிவுகளோ நம் அங்கத்தினரின் விளைபொருள்களிலிருந்து ஆண்டுதோறும் வருபவை. அறுவடை உள்ளவரை தீராதவை.

சண்டிகரில் உள்ள நுண்ணுயிர்த் தொழில்நுட்ப நிறுவனத்தின் விஞ்ஞானிகள், சர்க்கரை ஆலையில் எஞ்சும் மொலாசஸ் என்னும் கழிவுப்பாகில் இரண்டு பாசில்லஸ் வகைகளை வளர்த்து உயிர்ச் சவுக்காரம் பெற்றதை 1997-இல் வெளியிட்டனர். நாகபுரியில் உள்ள தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள், சாராய ஆலைக் கழிவுநீரையும் தயிர் வடித்த தெளிநீரையும் கொண்டு அவ்வாறே செய்து 2001-இல் அறிவித்தனர். நமக்கு மிக அண்மையில், அடையாற்றில் 1948-இல் நிறுவப்பெற்ற மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தார், இறைச்சிக்கூடத்துக் கொழுப்புக் கழிவிலிருந்து இத்தகைய பொருளை ஆக்கி, நீரிலுள்ள உலோக நஞ்சுகளை அகற்ற அது உதவுவதை 2012-இல் எடுத்துக்காட்டினர். குரோம்பேட்டையும் பல்லாவரமும் தோல் பதனிடும் தொழிலின் விளைவை நிலத்திலும் நீரிலும் அறிந்த ஊர்கள். ஆகையால் இவ்வாராய்ச்சியின் அருமை நம் பகுதியினருக்கு விளங்கும்.

பிரேசில் நாட்டின் ஆய்வொன்றும் நம் கவனத்திற்குரியது. அங்கே மரவள்ளிக் கிழங்கை மாவாக்கும்போது வெளியேறும் நீரில் பாசில்லஸ் சப்டிலிஸை வளர்த்து, லிட்டருக்கு 3 கிராம் அளவில் தூய்மைப்படுத்தாத சர்ஃபாக்டின் பெற்றனர். இது 2006-இல் வெளியாயிற்று. நம் மாநிலத்தில் சேலம், நாமக்கல் பகுதிகளின் ஜவ்வரிசி ஆலைகளிலும் இத்தகைய நீரும் திப்பியும் மிகுதி. அவ்வாலைகளின் உற்பத்தியை விற்றுத்தரும் சேகோசர்வ் 1981-இல் அமைந்த ஒரு கூட்டுறவுச் சங்கமே. நம் செங்கற்பட்டு மாவட்டத்துப் படாளத்தில் உள்ள மதுராந்தகம் சர்க்கரை ஆலையும் கூட்டுறவு ஆலை. பனீர் எடுத்தபின் எஞ்சும் தெளிநீரைக் கையாள்பவை பால் கூட்டுறவு ஒன்றியங்கள். இவ்வாறு, மூலப்பொருள் பெரும்பாலும் கூட்டுறவாளரின் கையிலேயே இருக்கிறது.

எனினும் ஒரு கணக்கை மறத்தல் கூடாது. லிட்டருக்கு 3 கிராம் என்றால், ஆயிரம் லிட்டர் நீரிலிருந்து 3 கிலோ. எஞ்சிய தொள்ளாயிரத்துச் சொச்சம் லிட்டரையும் மீண்டும் சுத்திகரிக்கத்தான் வேண்டும். மேலும், மொலாசஸை இன்று யாரும் வீணாகக் கொட்டுவதில்லை. சாராய ஆலைகளும், பெட்ரோலுடன் கலக்கும் எத்தனால் ஆலைகளும் அதனை விலை கொடுத்து வாங்குகின்றன. விலைபோகும் கழிவு, கழிவாகாது, அது சரக்கு.

தொட்டியில் நடப்பது

செய்முறையைச் சுருங்கச் சொல்வோம். முதலில் கழிவை வடிகட்டி, நுண்ணுயிருக்கு வேண்டிய தழைச்சத்தும் தாதுக்களும் சேர்த்து, 121 பாகை சென்டிகிரேடு வெப்பத்தில் நீராவியால் அவித்து, அதிலுள்ள பிற உயிர்களை அழிக்கின்றனர். ஆறியபின், தனியே வளர்த்த தூய நுண்ணுயிரை உறைமோர்போல இடுகின்றனர். தொட்டியின் அடியிலிருந்து காற்றைச் செலுத்திக் கலக்கி, 30 முதல் 37 பாகை வரை வெப்பத்தையும் உரிய புளிப்பு நிலையையும் காத்துச் சில நாட்கள் வைத்திருப்பர்.

இங்கே ஒரு விநோதம் நேர்கிறது. விளைவது நுரைக்கும் பொருள். உள்ளே செல்வதோ காற்று. எனவே தொட்டி பொங்கி வழியத் தொடங்குகிறது. இப்பொங்கலை அடக்குவது பொறியாளருக்குப் பெரிய தொல்லை. சிலர் இத்தொல்லையையே வழியாக்கிக்கொண்டு, மேலெழும் நுரையைத் தனித் தொட்டியில் பிடித்து, அதிலிருந்தே பொருளைத் திரட்டுகின்றனர்.

பின்பு நுண்ணுயிர்களைப் பிரித்து நீக்கி, எஞ்சிய நீரில் அமிலத்தைச் சேர்த்தால் சர்ஃபாக்டின் போன்றவை படிந்து இறங்கும். சோஃபரோலிப்பிட் நீரினும் கனமான தேன்போன்ற அடுக்காகத் தானே பிரிந்து நிற்கும். ஆதலால் அதனை எடுத்தல் எளிது.

செலவு எங்கே?

கழிவு மலிவாகையால் பொருளும் மலிவாக இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. உண்மை வேறு. மூலப்பொருளின் பங்கு மொத்தச் செலவில் 10 முதல் 30 விழுக்காடு என்றும், பிரித்துத் தூய்மையாக்கும் செலவே ஏறக்குறைய 60 விழுக்காடு வரை செல்லும் என்றும் இத்துறையினர் மதிப்பிட்டிருக்கின்றனர். கழிவு இலவசமாகவே கிடைத்தாலும் செலவின் பெரும்பகுதி குறையாது என்பது இதனால் விளங்கும். கழிவின் தன்மை நாளுக்கு நாள் மாறுவதும் ஓர் இடர்ப்பாடு. தூய சர்க்கரையில் ஒரே சீராக விளையும் நுண்ணுயிர், கழிவில் ஒருநாள் மிகுந்தும் ஒருநாள் குன்றியும் விளைகிறது.

உலக நிலையும் இதற்குச் சான்று. ஜப்பானின் சராயா நிறுவனம் 2001 முதல் சோஃபரோலிப்பிட் கலந்த கழுவுபொருளை விற்கிறது. யூனிலீவர் 2019-இல் சிலி நாட்டில் ராம்னோலிப்பிட் கலந்த பாத்திரம் கழுவும் திரவத்தை வெளியிட்டது. அப்பொருளை ஆக்கும் ஜெர்மானிய நிறுவனமான எவோனிக், ஸ்லோவாக்கியாவில் பெரிய ஆலையை 2024 ஜனவரியில் திறந்தது. 1949-இல் விவரிக்கப்பட்ட பொருள் இத்தகைய ஆலையை எட்ட ஏறத்தாழ 75 ஆண்டுகள் சென்றன. அந்த ஆலையும் சோளத்திலிருந்து பெறும் சர்க்கரையையே ஊட்டுகிறது, கழிவை அன்று.

மற்றொரு காரணமும் உண்டு. ராம்னோலிப்பிட்டை மிகுதியாகத் தரும் சூடோமோனஸ் எரூஜினோசா, புண்ணுள்ளவர்களையும் நோயால் மெலிந்தவர்களையும் தாக்கவல்ல கிருமி. ஆகவே பெரிய ஆலையில் தீங்கற்ற சூடோமோனஸ் புட்டிடாவுக்கு மரபு மாற்றத்தால் அத்திறனை ஊட்டி வளர்க்கின்றனர். வீட்டுக் கொல்லையில் தொட்டி வைத்து இக்கிருமியை வளர்க்க எவரும் முற்படலாகாது.

நெசவாளர் அறியத்தக்கது

கச்சாப் பட்டின் எடையில் சுமார் நாலில் ஒரு பங்கு செரிசின் என்னும் பசை. கிலோ ஒன்றுக்கு ஏறக்குறைய கால் கிலோ வேகவைப்பில் போகிறது. இதற்குச் சவுக்காரமும் சோடாவும் இடுகிறோம். பருத்தியின் மெழுகைப் போக்கக் காஸ்டிக் சோடாவில் வேகவைக்கிறோம்.

இவ்விடத்தில் எச்சரிக்கை ஒன்று. சோஃபரோலிப்பிட்டும் ராம்னோலிப்பிட்டும் கொதிக்கும் கடுங்காரத்தில் சிதைந்து போகும் பிணைப்புகளை உடையவை. காஸ்டிக் தொட்டியில் அவற்றை ஊற்றினால் காசு கரைந்ததே மிச்சம். காரமில்லாத முன்நனைப்பிலும், என்சைம் கொண்டு மெழுகு நீக்கும் மென்முறையிலும், சாயம் ஏற்றியபின் அலசுவதிலுமே அவற்றுக்கு இடமுண்டு. சோஃபரோலிப்பிட் குறைவாக நுரைப்பது. ஆதலால் அலசும் நீரின் அளவு குறைய வாய்ப்புண்டு.

உழவர் அறியத்தக்கது

உழவர்கள் இப்பொருளை ஒருவகையில் முன்னமே பயன்படுத்தி வருகின்றனர். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரப்பிய சூடோமோனஸ் ஃப்ளோரசன்ஸ் தூளைக் கிலோ விதைக்கு 10 கிராம் வீதம் கலந்து விதைப்பது பலருக்கும் பழக்கம். இந்த இனத்தின் சில வகைகளும், பாசில்லஸ் சப்டிலிஸும் வேரடியில் வாழ்ந்துகொண்டே உயிர்ச் சவுக்காரப் பொருள்களைச் சுரக்கின்றன. நோய்க் காளான்களை அடக்குவதில் அவற்றுக்கும் பங்குண்டு. மேற்சொன்ன எரூஜினோசாவும் ஃப்ளோரசன்ஸும் ஒரே குடும்பத்துப் பெயர் தாங்கினாலும் குணத்தில் வேறானவை என்பதையும் குறித்துக்கொள்க.

நாற்றழுகலை உண்டாக்கும் பித்தியம் போன்றவற்றின் நீந்தும் வித்துகளுக்குத் தடித்த தோல் இல்லை. ராம்னோலிப்பிட் பட்டதும் அவை வெடித்து மாய்கின்றன. இப்பொருளைப் பயிர்க்காப்பு மருந்தாக அமெரிக்க அரசு 2004-இல் பதிவு செய்தது. வேப்பெண்ணெயுடன் காதி சோப்புக் கலப்பவர்களோ, தம் முறையை இதன்பொருட்டு இன்று மாற்றிக்கொள்ள வேண்டியதில்லை. அது மலிவானது, வேலையும் செய்கிறது.

நம் நீர்

பெருங்களத்தூருக்கு மேற்கே முடிச்சூர், வரதராசபுரம் வழியாக ஓடும் அடையாறு, சீனிவாசபுரத்தருகே கடலில் கலக்கிறது. 2019-ஆம் ஆண்டு நவம்பர் இறுதியிலும் டிசம்பர் தொடக்கத்திலும் அக்கடற்கரையில் வெண்ணுரை அடுக்கடுக்காக ஒதுங்கிற்று. கழிவுநீரும் அதிற் கலந்த சலவைப்பொருள்களும் காரணம் என்று அப்பொழுது கூறப்பட்டது. பெருங்களத்தூர் 2021-இல் தாம்பரம் மாநகராட்சியில் சேர்ந்தது. வீடுகள் பெருகப் பெருக, சலவைநீரும் பெருகும். விரைவில் மக்கும் பொருளைப் பயன்படுத்துவது நலமே. ஆனால் மக்கும் பொருளும் மிகுந்துவிட்டால், மக்கும்போது நீரின் உயிர்க்காற்றை உண்டுவிடும். சாயமும் உப்பும் காரமுமோ உயிர்ச் சவுக்காரத்தால் மறைந்துவிடா. கழிவுநீரைச் சரிவரச் சுத்திகரிக்காததன் பொருட்டு, 2011 ஜனவரி 28-ஆம் நாள் சென்னை உயர்நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட ஆணையிட்டதை நெசவுத் தொழிலினர் மறந்திரார். சுத்திகரிப்புக்கு மாற்று எதுவுமில்லை.

சங்கங்கள் செய்யத்தக்கவை

முதலாவது, இப்பொழுது ஆலை நிறுவும் எண்ணத்தை ஒத்திவைப்பது. தனியொரு சங்கத்தின் முதலீட்டிற்கு இது அடங்காது. சர்க்கரை, ஜவ்வரிசி, பால் ஆகிய துறைகளின் கூட்டுறவுகள் ஒன்றுகூடி, ஆராய்ச்சி நிலையம் ஒன்றின் துணையுடன் சிறு அளவில் சோதிப்பதே உரிய தொடக்கம். அதற்கு முன்னேற்பாடாக, எந்தக் கழிவு, எந்த மாதத்தில், எவ்வளவு, என்ன தன்மையில் கிடைக்கிறது என்ற கணக்கை எழுதி வைக்கலாம். இதற்குச் செலவு இல்லை. பிற்காலத்தில் இக்கணக்கே மூலதனம்.

இரண்டாவது, இப்பெயரில் விற்பனைக்கு வரும் பொருளை வாங்குமுன் விசாரிப்பது. நுரைப்பது ஒரு சான்று ஆகாது, சலவைத்தூளும் நுரைக்கும். எலுமிச்சைத்தோலையும் வெல்லத்தையும் புளிக்கவைத்து வீடுகளில் செய்யும் திரவம் இதுவன்று; அதன் வேலை பெரும்பாலும் புளிப்பினால் நடப்பது. பொருளின் பெயர், நூற்றுக்கு எத்தனை பங்கு, எந்த நுண்ணுயிரிலிருந்து பெறப்பட்டது, அந்த உயிர் முற்றும் நீக்கப்பட்டதா, எந்தச் சோதனைச்சாலையின் சான்று உள்ளது என்னும் ஐந்தையும் எழுத்தில் கேட்டுப் பெறுக. தர மறுப்பவரிடம் வாங்க மறுப்பதே முறை.

மூன்றாவது, சிறு சோதனையைச் சங்கத்திலேயே செய்து பார்ப்பது. ஒரே எடையுள்ள வேகவைக்காத நூற்சிட்டங்கள் மூன்றை எடுத்து, ஒன்றை வெறும் நீரிலும், ஒன்றை வழக்கமான சவுக்கார நீரிலும், ஒன்றைப் புதுப்பொருள் கலந்த நீரிலும் இட்டு, அவை மூழ்கும் நேரத்தைக் குறிக்கலாம். பின்னர் மூன்றிற்கும் ஒரே சாயம் ஏற்றி, உலர்த்தி, பகல் வெளிச்சத்தில் ஒப்பிடலாம். சிட்டம் ஒன்றுக்கு ஆன செலவையும் அருகே எழுதுக. அந்தத் தாளை மகாசபையில் வைத்தால், வாங்குவதா வேண்டாமா என்பதை அங்கத்தினர் தாமே முடிவு செய்வர்.